கூலிக்கு ஓட்டக்கூடாது

பழைய அட்டையில் நாலு வரி இருந்தது.
புதுசில் ரெண்டு:
கியர் வைத்த பைக், சொந்தக் கார்.
கனரகம் இருந்த இடத்தில்
சும்மா வெள்ளை.

"பிரிண்டு சரியா விழலியா மேடம்?"
தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

பியூலா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"டாக்டர் எழுதியிருக்காரு அண்ணாச்சி.
இடது கண்ணுல விரல் எண்ணுத அளவுதான் பார்வை.
ஒங்க வண்டிய நீங்க ஓட்டலாம்.
கூலிக்கு ஓட்டக்கூடாது."

என் வண்டி.
வெளியே வேப்பமரத்தில் சாய்ந்து நின்ற பைக்கே
மைத்துனனுடையது.

வண்ணார்பேட்டையில் பணகுடி பஸ் ஏறினேன்.
டிரைவருக்குப் பின் சீட்டு.
வலது கால் தன்னால் மிதிக்கிறது
அங்கே இல்லாத பிரேக்கை.

அதே ரோடு. அதே நாங்குநேரி டோல்.
வெள்ளை நம்பர் பலகையோடு போனால்
ஒரு கண் போதுமாம்.
மஞ்சள் என்றால் ரெண்டு வேண்டுமாம்.
சம்பளத்துக்கு மிதிக்கிறவன்
இன்னொரு கண்ணை எந்தக் கடையில் வாங்குவான்?

இப்படிப் பேசினால்
டீக்கடையில் நாலு பேர் தலையாட்டுவார்கள்.
ஆட்டினார்கள். டீக்கும் அவர்களே கொடுத்தார்கள்.

அவர்களிடம் சொல்லாதது:
மூன்றடைப்பு தாண்டி, விடியற்காலை மூன்றரை.
துறைமுகத்தில் ஏற்றின காற்றாலை இறக்கை
எனக்குப் பின்னால் ஒரு தெரு நீளத்துக்கு.
"அண்ணாச்சி, எடது!" என்று
கிளீனர் ஞானசிகாமணி கத்தினான். மிதித்தேன்.
இடது பக்கம் ஒரு பால்காரர் இருந்தார் என்பதை
கேன் உருண்ட சத்தத்தில்தான் அறிந்தேன்.
அவருக்கு முழங்கை.
எனக்கு ரெண்டாயிரம் ரூபாய்.
டார்ச் வெளிச்சத்தில், தார்மேல்
சும்மா வெள்ளை.

"வெளிய சொல்லாதலே."
சொல்லவில்லை.
எட்டு மாதம் என் இடது கண்ணாக
உட்கார்ந்து வந்தான்,
கிளீனர் சம்பளத்துக்கு.

மரியசூசை முதலாளி கெட்டவர் இல்லை.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வீட்டுக்குப் போவாண்டாம் வே.
மேல ஏறிக்கிடும்."

மேலே என்றால் லோடுக்கு மேலே.
கையில் நீளக் கம்பு.
குறுக்கே வருகிற கரண்டு கம்பியை
இறக்கை தொடாமல் தூக்கிவிட வேண்டும்.
கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்று
போனில் யாராவது சொல்வார்கள்.
பெரும்பாலும் நிறுத்தியிருப்பார்கள்.

இதற்கு லைசென்ஸ் கிடையாது.
சுவரில் எழுத்து வாசிக்கச் சொல்லும் டாக்டர் கிடையாது.
புதுப்பிக்கும் தேதி கிடையாது.
பியூலா மேடம் கம்ப்யூட்டரில் எவ்வளவு தேடினாலும்
இந்த வேலைக்கு ஒரு வரி அகப்படாது.
என்னால் யாருக்கு ஆபத்து என்பதைச்
சட்டம் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.
அந்தப் பக்கம் மட்டும் பார்த்திருக்கிறது.
அதற்கும் ஒரு கண்தானோ என்னவோ.

கீழே ஸ்டியரிங்கில் ஞானசிகாமணி.
தையில் கனரகம் எடுத்தான்.
அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறையோடு வைத்திருக்கிறான்.

காவல்கிணறு விலக்கு.
கணவாய்க் காற்று கம்பைப் பிடுங்குகிறது.
ஒற்றைக் கண்ணுக்கு
எது கிட்டே எது தூரம் என்று பிடிபடுவதில்லை.
கரண்டு கம்பியும் நிலாவும்
ஒரே உயரத்தில் தொங்குகின்றன.

வண்டி ஊர்கிறது.
கதவுக்கு வெளியே தலையை நீட்டி
அவன் மேலே பார்க்கிறான்.

"இன்னும் ஒரு சாண் அண்ணாச்சி…
இன்னும்…
பொறும்…
இப்பத் தூக்கும்."